கவுசர் கீழே போட்ட பேனா

அனுசுயா எழுதுவதைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள், வட்டிக்குவிட்ட கணக்கை எழுதுகிறாள் என்றோ, முருகன் பெயரை லட்சம் முறை எழுதுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்றோதான் நினைப்பார்கள். இரண்டும் இல்லை. திருத்தணி மலையடிவாரத்தில், படிக்கட்டுப் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் தன் பூஜை சாமான் கடையில் உட்கார்ந்துகொண்டு அவள் எழுதுவது பஸ் போர்டு. 'திருத்தணி - கனகம்மாசத்திரம் - திருவள்ளூர்' என்று முதல் வரி. அதற்குக் கீழே 'திருத்தணி - பள்ளிப்பட்டு'. அப்புறம் சோளிங்கர், நகரி, புத்தூர், அரக்கோணம். ஊர்கள் தீர்ந்துபோனால் கற்பூர டப்பாவின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்து எழுதுவாள். அதுவும் தீர்ந்தால் மறுபடி கனகம்மாசத்திரத்திலிருந்து ஆரம்பிப்பாள்.

"அப்படி இன்னாம்மா எழுதற?" என்று பூக்கடை ஜெயம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. சும்மா எழுதறேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்."

ஜெயம்மாளுக்கு அது புரியவில்லை. புரியும்படி சொல்ல அனுசுயாவுக்கும் தெரியாது. நல்ல தாளில் இங்க் பேனா போகும்போது, எழுத்து காய்வதற்கு முன்னால் ஒரு கணம் ஈரமாக மின்னும். 'ழ'வின் வால் சுழித்து இறங்கும் இடத்தில் மை கொஞ்சம் தேங்கி, அங்கே மட்டும் நீலம் கறுத்துக் காயும். அதைப் பார்ப்பதற்காகத்தான் அவள் எழுதுகிறாள். சோளிங்கர் என்று எழுதினால் என்ன, கத்தரிக்காய் என்று எழுதினால் என்ன? இதை ஜெயம்மாளிடம் சொல்லியிருந்தால் அவள் கீழே வேறு யாரிடமாவது சொல்லி, சாயங்காலத்துக்குள் அனுசுயாவுக்கு மந்திரிக்க ஆள் வந்திருப்பார்கள்.

அவள் கணவன் எல்லப்பனுக்கு இது பழகிப்போயிருந்தது. "ஊர்ல பொம்பளைங்க நகை கேப்பாங்க, பொடவ கேப்பாங்க. எங்க வூட்ல பேப்பர் கேக்கறாங்க" என்று தேங்காய் மூட்டை இறக்க வருகிறவனிடம்கூடச் சொல்லுவான். கேலிதான், ஆனால் கொஞ்சம் பெருமையும் கலந்த கேலி. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் வெட்டி மிஞ்சும் கெட்டித் தாள்களை அவளுக்காகக் கேட்டு வாங்கி வருவதும் அவன்தான். அவள் தாளை வாங்கியதும் முதலில் எழுத மாட்டாள். மூலையை இரண்டு விரலால் பிடித்துச் சுண்டிச் சத்தம் கேட்பாள். அப்புறம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கடைசியாக ஒரு பொட்டு மை வைத்து, அது முத்துப் போல நிற்கிறதா, வேர் விட்டுப் பரவுகிறதா என்று பார்ப்பாள். பரவினால் அந்தத் தாள் திருநீறு மடிக்கப் போய்விடும். அந்த வகையில் திருத்தணியிலேயே உசத்தியான தாளில் திருநீறு மடித்துக் கொடுத்த கடை அதுவாகத்தான் இருக்கும்.

சின்ன வயதில் கோமளவல்லி டீச்சரின் இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் படித்து, தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ் செய்தவள் அவள். வேலை கிடைக்கவில்லை, கல்யாணம் ஆனது, கடைக்கு வந்தாள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. வேலை கிடைத்திருந்தால் ஆயுசுக்கும் அடுத்தவர் சொல்வதை அடித்துக்கொண்டிருந்திருப்பாள். இப்போது யாரும் சொல்லாமல் பள்ளிப்பட்டு என்று அடிக்கிறாள்.

அடிக்கிறாள் என்றால் மெஷின் வேண்டுமே. அந்த மெஷின் வழியாகத்தான் கவுசர் வந்தாள். டீச்சர் இன்ஸ்டிடியூட்டுக்குப் புதிதாக மெஷின்கள் வாங்கி, பழைய தமிழ் மெஷின் ஒன்றைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அதை வாங்க அனுசுயா போன அதே காலையில் இன்னொருத்தியும் வந்து நின்றாள். கையில் தையல் டேப், காதோரம் நூல் துணுக்கு. பஜார் தெருவுக்குப் பின்னால் வீட்டிலேயே துணி தைக்கிறவள். அவள் கணவன் அல்தாஃப் சித்தூர் ரோட்டில் டூ வீலர் மெக்கானிக். இரண்டு பெண்களும் மெஷினின் இரண்டு பக்கம் நின்றுகொண்டு, ஒருத்தி விடுவாள் என்று இன்னொருத்தி காத்திருந்தார்கள். யாரும் விடவில்லை. கடைசியில் டீச்சர் பொறுமையிழந்து, "ரெண்டு பேரும் சேர்ந்து வாங்குங்க, மாசம் ஒருத்தர் வெச்சுக்குங்க" என்றார்.

அப்படியே ஆனது. கிருத்திகைக்குக் கிருத்திகை மெஷின் வீடு மாறும். கிருத்திகை அன்று கடையில் மூச்சு விட நேரம் இருக்காது என்பதால், மறுநாள் ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போவார்கள். கவுசர் வீட்டுக் காலண்டரில் ரம்ஜான் பிறைக்கும் வட்டம் உண்டு, கிருத்திகைக்கும் வட்டம் உண்டு. இன்னும் ஒன்றும் தெரிந்தது. கவுசருக்கும் இங்க் பேனாதான் பிடிக்கும். துணி மேல் சாக்குக் கட்டியால் போடும் கோட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவள் இங்க் பேனாவில்தான் எழுதுவாளாம். இதைக் கேட்ட அன்று அனுசுயா வீட்டுக்கு வந்து எல்லப்பனிடம், "நம்மள மாதிரி இன்னொரு பைத்தியம் கீதுய்யா ஊர்ல" என்றாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம் அவள் மகன் ராஜீவுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை கிடைத்த அன்றுகூட இல்லை. இதை அவளே சொல்லியிருக்கிறாள்.

கவுசரின் மாமனார் ஷபியுல்லா பஸ் கண்டக்டராக இருந்தவர். இப்போது கை தானாக ஆடிக்கொண்டே இருக்கும். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அனுசுயாவின் பஸ் போர்டுத் தாளை வாங்கிப் பார்த்து, "நகரிக்கு முன்னாடி எதுக்கும்மா புத்தூர் போட்ட? வண்டி சுத்திகினு போவுமா?" என்று கம்மிய குரலில் கேட்பார். அவள் திருத்தி எழுதிக் காட்டினால் தலையை ஆட்டுவார். அல்லது தலை ஆடும்.

இங்க் பேனா பிடிக்கிறவர்கள் நடுவில் ஒரு சட்டம் உண்டு. பேனாவை இரவல் கொடுக்கக் கூடாது. நிப்பு எழுதுகிறவரின் கைச் சாய்வுக்குத் தகுந்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஒருவருக்குப் பழகிய நிப்பை இன்னொருவர் அழுத்தி எழுதினால் அது யாருக்கும் இல்லாமல் போய்விடும். அனுசுயாவும் கவுசரும் மெஷினைப் பகிர்ந்துகொண்டார்கள், தாளைப் பகிர்ந்துகொண்டார்கள், பக்ரீத் பிரியாணியையும் ஆடிக் கிருத்திகைப் பொங்கலையும் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் பேனாவை மட்டும் இன்னொருவர் தொட்டதில்லை. ஒருமுறை அனுசுயாவின் பேனா மேஜையிலிருந்து உருளப் பார்த்தபோது கவுசர் அதைக் கையால் பிடிக்காமல் ஒரு ரவிக்கைத் துணியைக் குறுக்கே போட்டுத்தான் தடுத்தாள். எபோனைட் என்கிற கெட்டி ரப்பரில் கையால் கடைந்த கறுப்புப் பேனா அது. ஃபில்லரால் மை ஊற்ற வேண்டும். ஊற்றினால் வாரம் முழுக்க எழுதும்.

அப்படிப்பட்ட கவுசர் ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாள். அனுசுயா எழுதி வைத்திருந்த தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, உன் பேனாவ ஒரு வாரம் குடேன்."

அனுசுயா தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தாள். "இன்னாது?"

"ஷபீனா கல்யாணப் பத்திரிகைக்கு பேரு எழுதணும். உன் பேனால எழுதினா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

ஷபீனா கவுசரின் ஒரே மகள். கவுசரிடமே மூன்று பேனா இருக்கின்றன என்பது அனுசுயாவுக்குத் தெரியும். இருந்தும் கேட்கிறாள் என்றால் அதில் ஒரு ஆசை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். மகள் கல்யாணத்தில் அக்காவின் பேனா இருக்கட்டும் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. அனுசுயாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மையை முழுக்க ஊற்றி, மூடியைத் திருகி, பேனாவை மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தாள். கொடுத்த பிறகு அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கை வெறிச்சென்று இருந்தது.

பேனா திரும்பி வந்தது. கவுசர் அதைத் துடைத்து, புது மை ஊற்றி, அதே துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். "நல்லா எழுதுச்சாடி?" என்று அனுசுயா கேட்டாள். "எழுதுச்சுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுக்க வேண்டியிருக்கிறது என்று உடனே கிளம்பிவிட்டாள்.

அனுசுயா ஆசையோடு தாளை எடுத்து வைத்து 'திருத்தணி' என்று எழுதினாள். சரியாக வந்தது. 'கனகம்மாசத்திரம்' என்று எழுதினாள். கனக வரைக்கும் சரியாக இருந்தது. சத்திரம் வந்தபோது எழுத்துகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு சின்னதாகப் போயிருந்தன. திருவள்ளூர் கடுகு கடுகாக இருந்தது. அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த வரியைப் பெரிதாக ஆரம்பித்தாள். அதுவும் போகப் போக இறங்கி, கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி முடிந்தது.

என்ன இது? பேனா என்றால் கீறும், மை விட்டு விட்டு வரும், கசியும். அதற்கெல்லாம் வைத்தியம் அவளுக்குத் தெரியும். எழுத்தைச் சின்னதாக்குகிற பேனாவை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

முதலில் தாளைச் சந்தேகப்பட்டாள். வேறு தாளை எடுத்தாள். பிறகு மையைச் சந்தேகப்பட்டாள். கவுசர் ஊற்றிய மை கெட்டியோ என்னவோ? அதைக் கொட்டிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பேனாவைக் கழற்றிக் கழுவி, தன் மையை ஊற்றினாள். நிப்பைப் பிடுங்கி, அதற்குக் கீழே இருக்கும் கட்டையின் பிளவைச் சவரப் பிளேடின் முனையால் சுத்தம் செய்து மாட்டினாள். மாட்டவே நேரம் பிடித்தது. விரல் சொன்னபடி கேட்காமல் நிப்பு வழுக்கிக்கொண்டே இருந்தது. கவுசர் வீட்டு எண்ணெய்ப் பிசுக்கு என்று முனகிக்கொண்டாள்.

இதற்கிடையில் கிருத்திகை முடிந்து மெஷின் அவள் வீட்டுக்கு வந்தது. பேனாவை ஒருபக்கம் வைத்துவிட்டு ரிப்பனைப் பார்த்து, ரோலரில் தாளைச் சொருகி அடித்தாள். கீபோர்டில் இடதுகைப் பக்கத்து எழுத்துகள் எல்லாம் பளிச்சென்று விழுந்தன. வலதுகைப் பக்கத்து எழுத்துகள் மங்கலாக, சில இடங்களில் இல்லவே இல்லாமல் விழுந்தன. ரிப்பன் தேய்ந்திருந்தால் எல்லா எழுத்தும் அல்லவா மங்க வேண்டும்? அது என்ன ஒரு பக்கம் மட்டும்?

எல்லப்பனிடம் சொன்னாள். அவன் திருநீற்றுப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தான். "மெஷினு கெடக்கட்டும். பொட்டலம் ஏன் பாதிதான் மடிச்சிருக்கற? காத்தால இருந்து இவ்ளோதானா?" என்றான்.

"பேப்பர் வழவழன்னு கீதுய்யா. மடிக்கவே வரல."

"நேத்து வரைக்கும் வந்துச்சே."

அனுசுயா மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அல்தாஃப் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன் என்று எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. டூ வீலருக்கு ஊற்றுகிற எண்ணெயை ஊற்றிக் கெடுத்திருக்கிறான் என்று முடிவு செய்தாள். பேனாவும் அங்கேதான் போய் வந்தது, மெஷினும் அங்கேதான் போய் வந்தது. இரண்டும் கெட்டு வந்திருக்கின்றன. யோசிக்க வேறு என்ன இருக்கிறது? யோசித்துப் பார்க்கும்போது கவுசர் பேனாவைக் கொடுத்துவிட்டு அவசரமாக ஓடியதும் நினைவுக்கு வந்தது.

அன்று மத்தியானமே போனாள். கவுசர் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கல்யாணத் துணிகள் குவிந்து கிடந்தன. ஷபியுல்லா ஜன்னலோரம் இருந்தார்.

"நிப்ப மாத்தினியாடி?" என்று நின்றுகொண்டே கேட்டாள் அனுசுயா.

"இல்லக்கா. நான் ஏன் மாத்தறேன்?"

"அப்ப இன்னா ஆச்சு அதுக்கு? எழுத்து எழுத்தாவே வரல. சின்னதாயிகினே போவுது. உங்கிட்ட வர வரைக்கும் நல்லா இருந்துச்சு."

கவுசர் தையல் சக்கரத்தை நிறுத்தினாள். ஊசிக்குக் கீழே இருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"கீழ விழுந்துடிச்சிக்கா" என்றாள்.

"இன்னாது?"

"மூக்கு குத்தி விழுந்துடிச்சி. நான்தான் நிமித்தி வெச்சேன். உங்கிட்ட சொல்ல பயந்துகினு விட்டுட்டேன்."

உண்மையைச் சொன்னால், அதைக் கேட்டதும் அனுசுயாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். பேய் பிடித்த பேனா அல்ல, கீழே விழுந்த பேனா. அவ்வளவுதான். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது சாதாரணமாக வரவில்லை.

"போட்டது போவட்டும். துணில சுத்தி, துடைச்சி, மை ஊத்தி, ஒண்ணுமே நடக்காத மாதிரி குடுத்தியே. அத எப்படிடி பண்ணின?"

"தப்புதான்க்கா."

"எழுதுச்சான்னு கேட்டேன். எழுதுச்சுன்னு மூஞ்ச பாத்து சொன்ன."

கவுசர் தலையை ஆட்டினாள். இனிமேல் மெஷின் மாற வேண்டாம், தன்னிடமே இருக்கட்டும் என்று அனுசுயா சொன்னாள். அதற்கும் கவுசர் தலையை ஆட்டினாள். சண்டை போடுகிற ஆளாக இருந்தால் இரண்டு வார்த்தை கூடப் பேசித் தீர்த்துக்கொண்டிருக்கலாம். இப்படித் தலையாட்டுகிறவளோடு என்ன செய்வது? ஷபீனாவின் நிக்காஹுக்கு அனுசுயா போகவில்லை. எல்லப்பனைப் பட்டுப்புடவையோடு அனுப்பிவிட்டு, கடையில் கூட்டம் என்று சொல்லச் சொன்னாள். அன்று கடைக்கு வந்தது ஒரு குடும்பம், அதுவும் வழி கேட்டுவிட்டுப் போனது. அவள் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குழப்பம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சில நாள் கழித்து நிப்பைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். மூக்குக் குத்தி விழுந்த நிப்பின் நுனி கோணும், அல்லது இரண்டு பல்லும் விலகும். எத்தனை சாமர்த்தியமாக நிமிர்த்தினாலும் ஒரு தழும்பு இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. நுனி கோயில் கலசம்போல நேராக இருந்தது. ரவிக்கைக்குக் கொக்கி வைக்கிற கையால் நிப்பை இவ்வளவு சுத்தமாக நிமிர்த்த முடியுமா? சரி, நிப்பே வேண்டாம் என்று புது நிப்பு வாங்கிப் போட்டாள். புது நிப்பிலும் வரி முடிவதற்குள் எழுத்து கடுகானது. அப்படியானால் கெட்டது நிப்பு இல்லை. கட்டையா? உடம்பா? எபோனைட்டுக்கு உள்காயம் படுமா? கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண்ணையும் பரிசோதித்தாள். பவர் மாறவில்லை என்றார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை புத்தூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அர்ச்சனைத் தட்டு வாங்கியது. அந்த அம்மாள் குடும்பத்தில் எல்லார் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதி மேலே குருக்களிடம் கொடுக்க வேண்டும் என்றாள். "பென்னு உந்தாம்மா?" என்று தெலுங்கில் பேனா கேட்டபடி, அனுசுயா தடுப்பதற்குள் மேஜை மேல் இருந்த எபோனைட் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டாள். அனுசுயாவுக்கு உயிர் போனது. பிறகு, போனால் போகட்டும், ஏற்கெனவே கெட்டதுதானே என்று விட்டுவிட்டுப் பார்த்தாள்.

தெலுங்கு எழுத்துகள் வட்ட வட்டமாக, ஈரம் மின்ன விழுந்தன. வரியின் தலையில் எந்த அளவோ வாலிலும் அதே அளவு. அந்த அம்மாள் எழுதி முடித்து, "மஞ்சி பென்னு" என்று பேனாவைப் பாராட்டி மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

அனுசுயா கல்லாவை விட்டு எழுந்துவிட்டாள். எல்லப்பனைக் கூப்பிட்டு எழுதச் சொன்னாள். அவன் ஓட்டுப் போடும்போது கையெழுத்துப் போடுவதோடு சரி. 'எல்லப்பன்' என்று கோணல்மாணலாக எழுதினான், ஆனால் 'ன்' வரைக்கும் கொழுகொழுவென்று எழுதினான். மருமகள் உதயாவைக் கூப்பிட்டாள். உதயா 'திருத்தணி - கனகம்மாசத்திரம் - திருவள்ளூர்' என்று ஒரே இழுப்பில் எழுதிக் காட்டினாள். எழுத்து நிமிர்ந்து நின்றது. அனுசுயா பேனாவைப் பிடுங்கி அதற்குக் கீழே எழுதினாள். திருவள்ளூர் வந்தபோது பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.

"பாத்தியா? என் கைய மறந்துடிச்சி இது" என்றாள். "எல்லாருக்கும் எழுதுது. எனக்குத்தான் எழுத மாட்டேங்குது."

உதயா தயங்கினாள். "அத்த, பேனா மட்டும் இல்ல. கடை பில்லு டாட் பென்லதான எழுதறீங்க? அதுவும் இப்படித்தான் வருது. யாருக்கும் படிக்க முடியலன்னு நான்தான் திருப்பி எழுதிக் குடுத்துகினு இருக்கேன்."

"எத்தினி நாளா?"

"ரொம்ப நாளா அத்த. ஷபீனா கல்யாணப் பத்திரிகை வர்றதுக்கு முன்னாடியே."

அனுசுயா டாட் பேனாவை எடுத்து எழுதினாள். பென்சிலை எடுத்து எழுதினாள். சாக்குக் கட்டியை எடுத்துக் கடைப் பலகையில் எழுதினாள். எல்லாம் ஒரே மாதிரி பெரிதாகக் கிளம்பி ஒரே மாதிரி சுருங்கின. ஊரில் இருக்கிற எழுதுகோல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு தனக்கு எதிராக நிற்கிற மாதிரி அவளுக்கு இருந்தது. பேனா நன்றாக இருக்கிறது என்றால் கவுசர் அதைக் கீழே போடவில்லை. கீழே போடவில்லை என்றால் போட்டேன் என்று ஏன் சொன்னாள்? செய்யாத தப்பைச் செய்தேன் என்று யாராவது சொல்வார்களா? அதுவும் பெண் கல்யாணத்துக்கு அக்கா வரமாட்டாள் என்று தெரிந்தும்?

கடையை உதயாவிடம் விட்டுவிட்டு நடந்தாள். வெயில் தணியாத நேரம். பஜாரைத் தாண்டும்போது கால் ஏனோ வழக்கம்போல் வீசி வைக்க வரவில்லை. செருப்பு தரையை உரசிக்கொண்டே வந்தது.

கவுசர் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அனுசுயாவைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைப் பக்கெட்டிலேயே விட்டாள். "வாக்கா" என்றாள். உள்ளே ஷபியுல்லா நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். தூக்கத்தில் கை ஆடவில்லை.

அனுசுயா உட்காரவில்லை. "பேனா கீழ விழுந்துச்சா?" என்றாள்.

கவுசர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"புத்தூர்க்காரம்மா ஒருத்தங்க எழுதினாங்க. எங்க வூட்டுக்காரரு எழுதினாரு. உதயா எழுதினா. எல்லாருக்கும் முத்து முத்தா வருது. எங்கிட்ட பொய் சொல்லாத. விழுந்துச்சா?"

"விழலக்கா."

"அப்ப எதுக்குடி விழுந்துச்சுன்ன?"

கவுசர் அவளைப் பிடித்துத் தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார வைத்தாள். தான் கீழே, துணிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கு உன் கடைல அந்தப் பேப்பர பாத்தேன் இல்ல, பஸ் போர்டு எழுதினது. ஒவ்வொரு வரியும் போவ போவ சின்னதாயிகினு இருந்துச்சு. மாமாக்கு அப்படித்தான்க்கா ஆரம்பிச்சுது. பேங்க்ல கையெழுத்து சேரலன்னு திருப்பி அனுப்பினாங்க. பேனா சரியில்லன்னு மாமா பத்து பேனா மாத்தினாரு."

அனுசுயா தூங்குகிற மனிதரைப் பார்த்தாள். "எனக்கு கை நடுங்கலையே" என்றாள்.

"மாமாக்கும் மொதல்ல நடுங்கல. எழுத்துதான் சின்னதாச்சு. சட்டைக்கு பட்டன் போட நேரமாச்சு. உனக்கு போன தடவ ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தேன், வலது கைய ஒடம்போட ஒட்டி வெச்சிகினு நின்ன. நான் ரெண்டு தடவ நீட்ட சொன்னேன்."

"அப்ப பேனா எதுக்கு கேட்ட?"

"பேனாவா இருக்கணும்னு வேண்டிகினு கேட்டேன்க்கா." கவுசர் துணிக் குவியலிலிருந்து ஒரு நூலை உருவினாள். "பத்திரிகை மொத்தத்தையும் அதுலதான் எழுதினேன். ஒவ்வொண்ணு எழுதும்போதும் இதுல கீறும், இதுல சிக்கும், நிப்புலதான் கோளாறுன்னு ஆயிடும்னு பாத்துகினே எழுதினேன். கடைசி பேரு வரைக்கும் நல்லா எழுதுச்சு. அதான் உங்கிட்ட குடுத்துட்டு ஓடிட்டேன்."

"நான் வந்து திட்டினேனே. அப்ப சொல்லியிருக்கலாமே."

"பேனா கெட்டுப்போச்சுன்னு நீ நம்பிகினு வந்த. அதுவே இருந்துட்டு போவட்டும்னு தோணிடிச்சி. எம்மேல கோவமா இருக்கறது, அதத் தெரிஞ்சிக்கறத விட தேவலன்னு நெனச்சேன். தப்புதான்."

கோபப்பட வேண்டுமா, கட்டிக்கொள்ள வேண்டுமா என்று அனுசுயாவுக்குத் தெரியவில்லை. தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்தாள். அது யாருடைய கையோ போல அமைதியாகக் கிடந்தது. இத்தனை நாளும் பேனாவைக் கழுவி, மெஷினைத் திட்டி, தாளைக் குறை சொல்லி, இவள் வீட்டுக் கல்யாணத்துக்கு வராமல் இருந்திருக்கிறாள். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தவள், எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்த கையை மட்டும் பார்க்கவில்லை.

"மாமாவ பாக்கற நரம்பு டாக்டரு வேலூர்ல" என்றாள் கவுசர். "சனிக்கிழம அவருக்கு போவணும். உன் பேரையும் சேத்து சொல்லி வெச்சிருக்கேன். நீ வரலன்னா தூக்கிகினு போயிடலாம்னு இருந்தேன். இப்பல்லாம் நல்ல மாத்திரை இருக்குதுக்கா. மாமாக்கு லேட்டா பாத்தோம். உனக்கு அப்படி இல்ல."

வெளியே அரக்கோணம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஷபியுல்லா விழித்துக்கொண்டார். அவர் கை மறுபடி ஆட ஆரம்பித்தது. அனுசுயா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கவுசரின் தோளில் கையை வைத்தாள். வலது கையைத்தான் வைத்தாள், அது வந்து சேரக் கொஞ்சம் தாமதமானது.

"நீ நெஜமாவே கீழ போட்டிருக்கலாமேடி" என்றாள்.

"போட்டிருக்கலாம்க்கா" என்றாள் கவுசர்.